எல்லாக் கண்ணாடியும் பெல்ஜியம்

பழைய பொருள் கடைகளில் சுற்றுகிறவர்களுக்குத் தெரியும், நம் ஊரில் இருக்கிற பழைய கண்ணாடியில் முக்கால்வாசி பெல்ஜியத்திலிருந்து வந்தது. செட்டிநாட்டு வீட்டைப் பிரித்தபோது கிடைத்த ஆளுயர முகக்கண்ணாடி பெல்ஜியம். லஸ்தர் விளக்கு பெல்ஜியம். மூடி உடைந்த மிட்டாய் ஜாடிகூடச் சில கடைகளில் பெல்ஜியம். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டில் தட்டைக் கண்ணாடி ஏற்றுமதியில் பெல்ஜியம் பெரிய கை. ஆனால் அதே நூற்றாண்டில் பர்மிங்ஹாமின் ஆஸ்லர் கம்பெனி கல்கத்தாவில் ஷோரூமே போட்டு நம் ராஜாக்களுக்கு லஸ்தர் விற்றுக்கொண்டிருந்தது. பொஹீமியாவிலிருந்து கலர் கண்ணாடி வந்தது, பிறகு ஜப்பானிலிருந்து வந்தது. கடைக்காரர் வாயில் இத்தனை ஊரும் ஒரே ஊராகிவிட்டது. பழசு, கெட்டி, வெளிநாடு என்ற மூன்று சொல்லையும் சேர்த்துச் சொல்ல அவருக்குக் கிடைத்த ஒரு சொல் அது.

இப்படிப் பெயர் வைக்கிற பழக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கையில் பிடித்துப் பேச ஒரு பொருள் வேண்டும் என்பதால் என் மேஜைமேல் இருக்கிற ஒரு தட்டை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு உள்ளங்கையை விரித்துச் சேர்த்தால் வருகிற அளவு. நடுவில் தேன் நிறம், அதைச் சுற்றிப் பச்சை, அதற்கும் வெளியே நிறமில்லாத தடித்த கண்ணாடி. விளிம்பு நாலு மூலையாக வெளியே இழுத்துவிடப்பட்டிருக்கிறது. கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, ஸ்டிக்கர் ஒட்டியிருந்த தடம்கூட இல்லை. மூலக்கொத்தளத்தில் ஒரு காயலான் கடையில் 350 ரூபாய்க்கு வாங்கியது.

“பெல்ஜியம் சார் இது. இப்பல்லாம் இந்த மாரி மால் வர்றதே இல்ல.”

“எப்டிண்ணா சொல்றீங்க?”

“தூக்கிப் பாரு சார். வெயிட்டு தெர்தா? நம்மூர்ல இன்னா, ஊதித் தள்ளிடுவான். பேப்பர் மாரி இருக்கும்.”

“எங்கேர்ந்து வந்துச்சு?”

“பெரம்பூர்ல ஒரு வூடு காலி பண்ணாங்க. சட்டைக்காரங்க வூடு. பசங்கல்லாம் ஆஸ்திரேலியா பூட்டாங்க.”

அவர் இரண்டு சாட்சி சொல்கிறார். ஒன்று எடை. இன்னொன்று பொருள் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது. இரண்டாவது சாட்சி மோசமில்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பை நம்பி வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பெரம்பூரில் நிறைய, ஆஸ்திரேலியா போனவர்களும் நிறைய. போகிறவர்கள் ஷோகேஸைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போனதால் அந்த வீட்டுத் தட்டும் வெளிநாட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என்ன கணக்கு?

காயலான் கடை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்துக்காரர்களோடு சேர்த்துத்தான் அந்தச் சொல்லை விளக்குவார்கள். இன்று கடை நடத்துகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் கடை காயலுக்காரருடையதுதான். மூலக்கொத்தளமும் அப்படித்தான். மூலைக் கொத்தளம், அதாவது கறுப்பர் நகரைச் சுற்றி 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மதிலின் மூலையில் இருந்த கொத்தளம். மதில் போய்விட்டது, ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவில் ஒரு துண்டு மிச்சம். இன்று மூலக்கொத்தளம் என்றால் 1939இல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு இறந்த நடராசன், தாளமுத்து இருவரும் அடங்கியிருக்கிற சுடுகாடுதான் நினைவுக்கு வரும். அந்த ஊருக்கு லேபிள் இருக்கிறது, பொருள் இல்லை. அங்கே வாங்கிய தட்டுக்குப் பொருள் இருக்கிறது, லேபிள் இல்லை.

தட்டைப் போட்டோ எடுத்து போனின் படத் தேடலில் போட்டால் ஒரு நொடியில் பதில் வந்துவிடும்: முரானோ, இத்தாலி, 1960கள். வெனிஸ் குடியரசு 1291இல் கண்ணாடி உலைகளையெல்லாம் கொண்டுபோய் வைக்கச் சொன்ன தீவு முரானோ. நிறத்துக்கு மேல் நிறம் மூழ்கியிருக்கிற இந்தப் பாணிக்கு அங்கே ‘சொம்மெர்சோ’ என்று பெயர். காயலான் கடை அண்ணனுக்குப் பெல்ஜியம் எப்படியோ, மெஷினுக்கு முரானோ அப்படி. நான் சோறு தின்பது இந்தத் தொழிலில் என்பதால் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல முடியும். மெஷின் கண்ணாடியைப் படித்ததில்லை, விற்பனை விளம்பரங்களைப் படித்திருக்கிறது. பழைய கண்ணாடி விற்கிறவன் தன் சரக்குக்கு எந்தப் பெயர் போட்டால் நல்ல விலை போகுமோ அதைப் போடுகிறான். ‘முரானோ ஸ்டைல்’ என்று போடுவான், ‘ஸ்டைல்’ என்பதைச் சின்ன எழுத்தில் போடுவான். லட்சக்கணக்கான படங்களோடு அந்தப் பெயரும் போய்ச் சேரும். எங்கள் தொழிலில் இதற்கு லேபிள் நாய்ஸ் என்று பெயர். தவறான லேபிள்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தால் மெஷின் ஓரளவு சமாளித்துவிடும். எல்லாத் தவறும் ஒரே திசையில், விலை அதிகமான பெயரை நோக்கிச் சாய்ந்திருந்தால் மெஷின் அந்தச் சாய்வையே பாடமாகக் கற்றுக்கொள்ளும். இன்னொன்று, சாதாரண வகைப்படுத்தி ஒன்றிடம் பத்துப் பெயர் கொடுத்தால் பத்துக்கும் சேர்த்து நூறு சதவீதத்தைப் பங்கிட்டுத்தான் தீரும். ‘எனக்குத் தெரியாது’ என்று தனியாக ஒரு பெட்டி வைக்காதவரை அது தெரியாது என்று சொல்லாது. அந்தப் பத்தில் ஃபிரோசாபாத் இல்லையென்றால் ஃபிரோசாபாத்தில் செய்த தட்டுக்கும் இத்தாலியப் பெயர்தான் கிடைக்கும்.

சரி, பெயரை விட்டுவிட்டுத் தட்டைப் படிக்கலாம். 1929இல் வெளிவந்த தன் புத்தகத்துக்காக ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் எழுதியவர் பெயரில்லாமல் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். பெரிய கவிஞர்கள் அடி வாங்கினார்கள், சுமாரானவர்கள் பாராட்டு வாங்கினார்கள். அந்தச் சோதனையை மாணவர்களின் தோல்வியாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. பெயர் இல்லாதபோது மாணவர்கள் வரியைப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது.

முதலில் எடை. வெயிட்டு தெர்தா என்று அண்ணன் கேட்டதற்குச் சமையலறையிலேயே பதில் இருக்கிறது. தராசில் தட்டு 742 கிராம். ஒரு வாளித் தண்ணீரைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்கிவிட்டு, தட்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். தராசு காட்டியது 297. அதாவது தட்டு ஒதுக்கிய தண்ணீர் 297 கிராம். 742ஐ 297ஆல் வகுத்தால் 2.5க்கு மயிரிழை கீழே. 24 சதவீத ஈய ஆக்சைடு சேர்த்த கிரிஸ்டல் என்றால் 3ஐ ஒட்டி வந்திருக்கும். ஆக இது ஈயக் கண்ணாடி கிடையாது. பாட்டிலும் ஜன்னலும் வளையலும் செய்கிற குடும்பம்தான். கனமாக இருப்பது கனமாக ஊற்றியதால். புற ஊதா டார்ச்சுக்கு எந்தப் பதிலும் இல்லை, எனவே பச்சையில் யுரேனியமும் இல்லை. பெல்ஜியத்தின் வால் சாங் லாம்பேர் போன்ற ஈயக் கிரிஸ்டல் பட்டறைகளின் பெயரை இங்கேயே எடுத்துவிடலாம். முரானோவை எடுக்க முடியாது, அங்கேயும் சோடாக் கண்ணாடிதான்.

அடுத்து தட்டைக் கவிழ்க்க வேண்டும். கண்ணாடிக்காரர்கள் முதலில் பார்ப்பது அடிப்பக்கம்தான். விளிம்பில் வேலை செய்யும்போது தட்டின் அடியை ஒரு இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடித்திருப்பார்கள், வேலை முடிந்ததும் தட்டிப் பிரிப்பார்கள். பிரித்த இடத்தில் தொப்புள் மாதிரி ஒரு தழும்பு. அச்சில் அழுத்தின கண்ணாடியில் இது இருக்காது, பதிலாக அச்சின் பாகங்கள் சேர்ந்த கோடு இருக்கும். என் தட்டில் கோடு இல்லை, தழும்பும் இல்லை. தழும்பைச் சாணைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள், ஆனால் பாலிஷ் போடாமல் பால் நிறத்திலேயே விட்டுவிட்டார்கள். தேய்த்த பரப்பு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் மேஜையில் வைத்தால் தட்டு லேசாக ஆடும். சாணை பிடித்தவருக்கு அன்று இன்னும் நிறைய உருப்படிகள் பாக்கி இருந்திருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த நாலு மூலை. முதல் பார்வைக்கு நாலும் ஒன்றுதான். விரலால் தடவினால் ஒரு மூலை நீளமாக, வழுவழுவென்று, இடுக்கி பட்ட சுவடே இல்லாமல் இருக்கிறது. அதற்கு எதிர் மூலை கொஞ்சம் குட்டை. மூன்றாவதில் இடுக்கியின் பல் லேசாகப் பதிந்திருக்கிறது. நாலாவதில் ஆழமாகவே பதிந்திருக்கிறது, இழுத்த இடத்தில் கண்ணாடி சுருங்கி நிற்கிறது. உலையிலிருந்து வெளியே வந்த கண்ணாடி ஒவ்வொரு நொடியும் இறுகிக்கொண்டே போகும். எது முதல் மூலை, எது கடைசி என்று வரிசையே சொல்லிவிடலாம். நாலாவது மூலைக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்த ஆள் இன்னொரு தடவை உலையில் காட்டிச் சூடேற்றியிருக்கலாம். காட்டவில்லை, பலத்தைப் போட்டு இழுத்துவிட்டார். இதைப் பார்த்தபிறகு இது எந்த நாட்டுத் தட்டு என்ற கேள்விக்கு முன்னால் இருந்த அவசரம் எனக்குப் போய்விட்டது.

பாணியை வைத்து ஊர் சொல்வது எவ்வளவு வழுக்கல் என்பதற்குச் செக்கோஸ்லோவாகியா ஒரு நல்ல பாடம். கிரிப்ஸ்கா பட்டறைக்காக யோசெஃப் ஹோஸ்போட்கா வடிவமைத்த, விளிம்பை இழுத்துவிட்ட கலர் கலரான கிண்ணங்கள் இன்றும் முரானோ என்ற பெயரில் கைமாறுகின்றன. முரானோக்காரர்களும் பெரும்பாலும் காகித ஸ்டிக்கர்தான் ஒட்டினார்கள், இரண்டு தடவை கழுவினால் போய்விடும். அந்தப் பெயருக்குச் சட்டப்படியான வணிக முத்திரை வெனெட்டோ மாகாணம் கொண்டுவந்ததே 1994இல். லேபிளை வைத்துப் பிரிக்க முடியாத, வடிவத்தை வைத்தும் பிரிக்க முடியாத இரண்டு ஊருக்கும் நடுவே சந்தையில் பெரிய சண்டை நடக்கிறது. அந்தச் சண்டையில் மூன்றாவது ஊர் ஒன்றை யாரும் கூப்பிடுவதே இல்லை.

ஆக்ராவிலிருந்து 40 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது ஃபிரோசாபாத். வளையல் ஊர் என்றுதான் நமக்குத் தெரியும். கைவேலையாக ஊதிய, வார்த்த அலங்காரக் கண்ணாடியும் அங்கிருந்து எவ்வளவோ வந்திருக்கிறது. ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ் என்ற ஃபிரோசாபாத் ஆலை, எண்ணெய்ப் படலம் மாதிரி நிறம் மின்னுகிற ‘கார்னிவல்’ வகை ஜாடிகளைச் செய்தது. கை வடிவத்தில் ஒரு ஜாடி, மீன் சுற்றிய ஜாடி. இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அவற்றைத் தேடிச் சேர்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவை இந்தியச் சரக்கு என்று உறுதியாகச் சொல்ல முடிவதற்கு ஒரு முக்கியக் காரணம், சிலவற்றில் அச்சிலேயே ‘ஜெயின்’ என்று ஆங்கில எழுத்து இருக்கிறது. அந்த நாலு எழுத்து இல்லாமல் போயிருந்தால் எந்த நாட்டுக் கணக்கில் ஏறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1908இல் புனேக்குப் பக்கத்தில் தளேகாவ்ன் என்ற ஊரில் ஆளுக்கு ஒரு பைசாவாகத் திரட்டிய பணத்தில், திலகரின் ஆதரவோடு, பைசா ஃபண்ட் கண்ணாடி ஆலை தொடங்கினார்கள். அங்கே தொழில் கற்றவர்கள் மற்ற இடங்களுக்கும் பரவினார்கள். நம்மூர்ல இன்னா, ஊதித் தள்ளிடுவான் என்று அண்ணன் சொன்னபோது இந்த நூறு வருஷத்தையும் ஊதித் தள்ளிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இதே வேலையைப் பெரிய படிப்பாளிகள் செய்திருக்கிறார்கள், அதுவும் ஒரு தட்டை வைத்துத்தான்.

1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், எழும்பூர் மியூசியத்து அலமாரி ஒன்றில் ரோமானிய மதுச்சாடியின் உடைந்த துண்டைப் பார்த்தார். பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்தது. 1945இல் அங்கே தோண்டினார். இத்தாலியின் அரெஸோ வகைச் சிவப்புப் பாத்திரங்கள் கிடைத்தன, அவற்றில் விபியே, கமுரி, இட்டா என்று செய்தவர்களின் முத்திரை இருந்தது. லேபிள் உள்ள பொருள். அதே மண்ணில் லேபிள் இல்லாத ஒரு பொருளும் கிடைத்தது. மெல்லிய, சாம்பலும் கறுப்புமான, ஆழமில்லாத தட்டு. உட்பக்கம் நடுவில் சின்னச் சின்னக் கொத்தலாக வட்ட வட்டமான வரிகள். இத்தனை நேர்த்தியான இந்த வேலை மத்தியதரைக்கடல் பக்கத்துப் பாணி, முதலில் அங்கிருந்து வந்திருக்க வேண்டும், பிறகு இங்கே பார்த்துச் செய்திருப்பார்கள் என்று வீலர் முடிவு கட்டினார். அது ஒரு தட்டோடு நிற்கவில்லை. ரோமத் தேதியை வைத்துத் தட்டுக்குத் தேதி, தட்டின் தேதியை வைத்து தென்னிந்தியாவில் அது கிடைத்த மற்ற ஊர்களுக்கெல்லாம் தேதி.

விமலா பெக்லி 1983இல் இந்தக் கணக்கைத் திரும்பக் கேள்வி கேட்டார். 1990களில் புனே டெக்கான் கல்லூரியின் விஷ்வாஸ் கோக்டே அந்தத் தட்டுகளின் களிமண்ணை எக்ஸ் கதிரில் பகுத்துப் பார்த்தார். மண் இத்தாலியோடு பொருந்தவில்லை, வங்காளத்துச் சந்திரகேதுகர், தாம்ரலிப்தி பகுதியோடு பொருந்தியது. இன்று அந்தத் தட்டை இந்தியச் சரக்காகத்தான் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், ரோமானியத் தொடர்புக்கு முன்னாலேயே புழக்கத்தில் இருந்தது என்கிறார்கள். வீலர் பெரிய ஆள், மண்ணடுக்கைப் படிக்க நமக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் கண்ணும் வேலையின் நேர்த்தியைப் பார்த்தவுடன் மேற்கே திரும்பியது.

இலக்கியத்தில் நாம் மட்டும் ஒழுங்கா? நல்லதாக நாலு வரி கிடைத்தால் நூறாண்டுகளாக ஔவையார் கணக்கில் எழுதிவிடுகிறோம். காலம் காலமாகச் சேர்ந்த பாடல்களைச் சுமக்க ஒரு ஔவை போதாமல் ஆராய்ச்சியாளர்கள் பல ஔவைகளை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வாட்ஸப்பில் அந்த இடம் இப்போது அப்துல் கலாமுக்கு. புதிய நாவலின் பின்னட்டையில் ‘தமிழின் மார்க்வெஸ்’, ‘தமிழின் காஃப்கா’ என்று போடுவதும் பெல்ஜியம்தான். எழுத்தாளருக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, அந்த நாவலின் நாலாவது மூலையில் இடுக்கி எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார்க்கிற வேலையிலிருந்து விமர்சகர் தப்பித்துக்கொள்கிறார்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழியையும் தமிழிலேயே கண்டுபிடித்திருக்கிறோம். குறுந்தொகையைத் தொகுத்தவர்களிடம் பாட்டு இருந்தது, சில பாட்டுக்குப் புலவர் பெயர் இல்லை. கபிலர் என்றோ பரணர் என்றோ எழுதிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? பாட்டின் மதிப்பும் ஏறியிருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், குப்பைக் கோழியார். அந்தப் பெயரைக் கேட்டதும் பாட்டுக்குள் போயே ஆகவேண்டும். ஆள் தெரியாது என்பதை மறைக்காமல், ஆளின் வேலையில் எது தனித்துத் தெரிகிறதோ அதைப் பெயராக்கிய உத்தி இது. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் அச்சில் கொண்டுவந்து, 1937இல் உ.வே.சா. பதிப்பித்து, அந்தப் பெயர்கள் நம் கைக்கு வந்திருக்கின்றன. ஒரு டேட்டாபேஸில் ‘ஆசிரியர்’ என்ற கட்டம் காலியாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இதைவிட நாணயமான விடையை நான் பார்த்ததில்லை.

கண்ணாடியிலும் இந்த வழி பலித்திருக்கிறது, அதுவும் சென்னைக்குப் பக்கத்திலேயே. தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலும் ஒரே நிறத்தில் கடுகளவு கண்ணாடி மணிகள் மண்ணுக்குள்ளிருந்து கொட்டிக்கொண்டே இருந்தன. எந்த மணியில் லேபிள் ஒட்ட முடியும்? செய்த விதத்தைப் படித்தார்கள். குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டிருந்தன. அப்படியென்றால் நீளமான குழலாக இழுத்து, நறுக்கி, திரும்பச் சுட்டு முனை மழுக்கிய மணி. ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவே பாப்பாநாயுடுபேட்டையில் இதே வேலையைச் செய்கிற குடும்பங்கள் இருந்தன. உருகிய கண்ணாடியில் ‘லாடா’ என்ற இரும்புக் குழாயை வைத்து, உள்ளே துளையோடு கையால் இழுத்துக்கொண்டே போவார்கள். பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற மணி ஆராய்ச்சியாளர் இந்த உயிருள்ள கைகளைப் பார்த்து அரிக்கமேட்டின் கழிவுத் துண்டுகளைப் படித்தார், ‘இந்தோ-பசிபிக் மணி’ என்று பெயர் வைத்தார். வேதியியலும் பிறகு சேர்ந்துகொண்டது. அலுமினா அதிகமுள்ள சோடாக் கண்ணாடி என்றால் தென்னிந்தியா, இலங்கைப் பக்கம் என்று அடையாளம் சொல்ல முடிகிறது.

என் தட்டுக்கு அப்படிச் செய்ய ஃபிரோசாபாத் உலைகளின் பழைய சரக்கைப் பட்டறைவாரியாகச் சேர்த்துவைத்த ஓரிடம் வேண்டும். தாஜ்மகாலைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 30 அன்று போட்ட உத்தரவுக்குப் பிறகு அந்தப் பகுதி உலைகள் நிலக்கரியிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறத் தொடங்கின. அதற்கு முந்தைய தட்டென்றால் நிலக்கரி உலையில் வெந்தது. இதுமாதிரி இன்னொரு தட்டு, ஸ்டிக்கரோடு, ஏதாவது ஒரு ஷோகேஸில் பிளாஸ்டிக் திராட்சைக்குக் கீழே இருந்தால் எல்லாக் கேள்வியும் ஒரே நாளில் முடிந்துவிடும். அதுவரைக்கும் அட்டையில் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்: கைவேலை, ஈயமில்லாத கண்ணாடி, 742 கிராம், அடி சாணை பிடித்தது, பாலிஷ் இல்லை. வாங்கிய இடம் மூலக்கொத்தளம், வந்த இடம் பெரம்பூர். செய்தவர்: நாலாம்மூலை இழுத்தார்.